விழுப்புரத்தின் நோய்க்கணக்கு

விழுப்புரம் மாவட்டத்தின் புற்றுநோய் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் விழுப்புரத்தை விட்டு வெளியே போக வேண்டியிருக்கும். 1993-இல்தான் இது தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-இல். அதற்கு முன்பும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனைகள் இருந்தன. ஆனால் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ கட்டி என்று சந்தேகம் வந்தால் நோயாளியைப் பேருந்து ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். திண்டிவனத்தில் சாலை பிரிவதுபோல் நோயாளிகளும் பிரிந்து போனார்கள். ஒரு சாரார் புதுச்சேரிக்குப் போனார்கள். அங்கே 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக 1964 முதல் ஜிப்மர் நின்றது. வேறு சிலர் சென்னைக்குப் போனார்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் வெறும் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு. வந்தவாசி வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. ஆக, இந்த மண்ணின் நோய் நெடுங்காலம் வெளியூர்ப் பேரேடுகளில்தான் பதிவானது. பேருந்து ஏற முடியாதவர்கள் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

மருத்துவமனைப் பதிவை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தின் நோயை அளந்தால் வந்து சேர்ந்தவர்களைத்தான் அளப்போம், நோயை அல்ல. செரிமான உறுப்புகளின் புற்றுநோயில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. அது நெடுநாள் சாதாரண வயிற்றுக் கோளாறு போலவே நடமாடும். நெஞ்செரிச்சல் என்று சோடா குடிப்பார்கள், மூலம் என்று கைமருந்து தேடுவார்கள், காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். இதை ஏழ்மையின், அறியாமையின் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. முத்துலட்சுமி ரெட்டியைப் புற்றுநோய்ப் பணிக்குத் திருப்பியது அவருடைய சொந்தத் தங்கையின் சாவு. அந்த வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தார். முதலமைச்சர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968-இல் நியூயார்க் வரை சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆனாலும் 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தனை வசதி உள்ளவர்களுக்கே இந்த முடிவு என்றால், மயிலத்திலோ மரக்காணத்திலோ கூலிவேலை பார்த்தவரின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை யாரிடம் கேட்பது?

அவருடைய வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்து அதைச் செய்தும் காட்டியதில்தான் இந்த மாவட்டத்துக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பெட்டோவும் நடத்திய ஆய்வில், சென்னையில் சுமார் 48,000, விழுப்புரத்துக் கிராமங்களில் சுமார் 32,000 என மொத்தம் 80,000 பெரியவர்களின் இறப்புக்குக் காரணம் தேடப்பட்டது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். இறந்தவரின் கடைசி நாள்களைப் பற்றிக் கூட இருந்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வந்தார்கள். அந்த அறிக்கைகளைப் பிறகு மருத்துவர்கள் படித்து, சாவுக்கான காரணத்தைத் தீர்மானித்தார்கள். இதே உழைப்பிலிருந்து 2003-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை 43,000 ஆண்களின் இறப்புகளை உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டது. பீடி, சிகரெட் என்றால் புற்றுநோய் என்றே உலகம் பேசிக்கொண்டிருந்த வேளையில், புகைப்பவர்கள் காசநோயால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அது காட்டியது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த உண்மை இவ்வளவு அழுத்தமாக வெளிப்பட்டிருக்காது.

படிப்பறிவில்லாத ஒருவர் துக்கத்தோடு சொல்வதை வைத்து நோயைக் கண்டறிவது அறிவியலா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திசுப் பரிசோதனைக்கு ஈடாக எந்த வாக்குமூலமும் நிற்காது. ஆனால் எல்லா நோயும் ஒரேபோல் மறைந்திருப்பதில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். முதலில் சோறு தொண்டைக்குக் கீழே நின்றுவிடுகிறது. சில வாரங்களில் குழையப் பிசைந்த சாதமும் இறங்குவதில்லை, அப்புறம் கஞ்சி மட்டும், கடைசியில் தண்ணீரும் திரும்பி வருகிறது. உடம்பு எலும்பாகிறது. இந்த வரிசையை ஊட்டிவிட்டவரை விடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யார்? கெட்டியான உணவில் தொடங்கி நீரில் முடியும் இந்த அடைப்பு, மருத்துவருக்குப் பாடப்புத்தகத்து அடையாளம். கல்லீரல், கணையம் போன்ற இடங்களில்தான் இந்த முறை தடுமாறுகிறது. வயிறு வீங்கியது, கண் மஞ்சளானது என்ற விவரம் சாராயத்தால் கெட்ட ஈரலுக்கும் பொருந்தும், ஈரலில் வந்த கட்டிக்கும் பொருந்தும். இரைப்பையா பெருங்குடலா என்று பிரிப்பதும் பல நேரம் இயலாது. வயதில் மிகவும் மூத்தவர்களின் சாவில் குழப்பம் இன்னும் அதிகம். இந்த எல்லைகளை ஒப்புக்கொள்வதால் முறை செல்லாததாகிவிடாது. சான்றிதழில் காரணமே தெளிவில்லாமல் கிடக்கும் ஓர் இறப்பை ‘புற்றுநோய்’ என்ற அளவுக்காவது அடையாளம் காண்பது, ஒரு மாவட்டத்துக்கு எத்தனை படுக்கை, எவ்வளவு வலி மருந்து வேண்டும் என்று திட்டமிடுபவருக்குப் பெரிய விஷயம்.

இறந்தவர்களைப் பற்றிக் கேட்டு உயிரோடிருப்பவருக்கு என்ன லாபம் என்ற இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. துக்க வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிய ஆய்வு, அந்த வீட்டுக்கு மருந்து எதையும் கொண்டு வரவில்லை என்பது மெய். ஆனால் மாவட்டவாரியாக எண்ணும் பழக்கம் வளர்ந்தது. புற்றுநோய்ப் பதிவேட்டை 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் விரித்தார்கள். விழுப்புரத்துக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு, குணமாக்க முடியாத நோயாளிக்கான வலித்தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடிப் போகிறது. அந்த ஆய்வின் களப்பணியாளர்கள் நடந்த அதே தெருக்களில் இப்போது செவிலியர்கள் நடக்கிறார்கள். ஒன்று மற்றொன்றிலிருந்து நேரடியாகப் பிறந்தது என்று நான் வாதிடவில்லை. வீட்டில் கிடப்பவரும் மருத்துவத்தின் கணக்கில் சேர்ந்தவர் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இரண்டும் நிற்கின்றன. இனி அந்தச் செவிலியர் கேட்க வேண்டிய கேள்விகளில் ‘சோறு இறங்குகிறதா, எத்தனை நாளாக இறங்கவில்லை’ என்பதும் ஒன்றாக வேண்டும். அதற்கு வரும் பதில் முண்டியம்பாக்கத்தின் உள்நோக்கிக் கருவி அறைக்கு அந்த வாரமே போய்ச் சேர வேண்டும்.