பேராசிரியர் தேவிபிரசாத்

குடிப்பது தோட்டத்துத் தமிழனின் சுபாவம் என்று துரைமார் கூறியதுண்டு. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தது யார் சுபாவமோ! ஜோகூர் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. மனநோயின் காரணத்தை மனத்துக்குள் மட்டும் தேடலாகாது என்ற ஓர் அறிஞரை இவ்விடத்தில் நினைத்தல் தகும். அவர், கல்கத்தா சிட்டி காலேஜில் தத்துவம் போதித்த தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர் (1918–1993).

அந்நகரில் கிரீந்திரசேகர போஸ் 1922-இல் மனப்பகுப்புச் சங்கம் நிறுவியிருந்தார். அங்கு மதிப்புப் பெற்ற பிராய்டின் கொள்கையைத் தேவிபிரசாத் மார்க்சியக் கண்கொண்டு ஆராய்ந்து வங்காளியில் நூலெழுதினார். 1959-இல் வந்த 'லோகாயதம்' அதனினும் பெரும்பணி. பண்டை உலகாயதரின் நூல்கள் அழிந்தன. அவர்தம் கொள்கை பெரும்பாலும் எதிரிகளின் ஏச்சில்தான் எஞ்சியது. அவ்வேச்சினூடே உழைக்கும் மக்களின் குரலைத் தேடினார். தாந்திரிகத்தை உழவுச் சடங்கோடு அவர் பிணைத்தது சற்று மிகை. தேடிய முறையோ சரி. நம் முன்னோரைப் பற்றிய தோட்டத்துக் கடிதங்களும் துரைமார் எழுதியவையே.