சலானில் இல்லாத கட்டம்



பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வந்தால், "வெப் சர்வீஸ் மானிட்டரிங் பண்றேன் சார்" என்கிறார்கள். அப்படியென்றால் என்ன வேலை என்று அவர்களுடைய அப்பா அம்மா என்னிடம் கேட்கிறார்கள். நான் வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழியில், திருப்பூர் வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பனியன் முழுக்க முழுக்க ஒரே கூரைக்குக் கீழே உருவாவது நம் ஊரில் பெரிய கம்பெனிகளில் மட்டும்தான். மற்ற இடங்களில் நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங் வேறொருவர். பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங். 1978-இல் ஆன்டோனியோ வெரோனா என்ற இத்தாலிக்காரர் பனியன் தேடி இங்கே வந்து, அதன்பின் ஏற்றுமதி பெருகிய காலத்திலும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஆர்டர் எடுத்தவரிடம் சொந்தமாக இருந்தது பல நேரம் கட்டிங் மேஜையும் கொஞ்சம் தையல் மெஷினும்தான். மீதி எல்லாம் ஜாப் ஒர்க்.

இத்தனை பேரையும் கோத்தது ஒரு துண்டுச் சீட்டு. டெலிவரி சலான், நம் பேச்சில் டி.சி. லாட் நம்பர், கலர், டயா, ஜி.எஸ்.எம்., எத்தனை ரோல், எத்தனை கிலோ. அவ்வளவுதான். நிட்டிங்காரருக்கு என்ன கலர் என்று தெரிய வேண்டியதில்லை. சாயப்பட்டறைக்காரருக்கு ஜெர்மனியில் யார் வாங்குகிறார் என்று தெரிய வேண்டியதில்லை. ஒரு சாயப்பட்டறை சரிப்பட்டு வராவிட்டால், நிட்டிங்கைத் தொடாமல் சாயத்தை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1996-இல் அமெரிக்காவின் கார்ட்னர் நிறுவனத்தில் ராய் ஷல்ட், யெஃபிம் நாட்டிஸ் என்ற இருவர் மென்பொருளைப் பற்றி எழுதியபோது, கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டுக்குத்தான் 'சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர்' என்று பெயர் வைத்தார்கள். வங்கியோ விமானக் கம்பெனியோ, ஒரே ராட்சத புரோகிராமாக எழுதாமல், தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, ஒன்றை ஒன்று சீட்டு அனுப்பி வேலை வாங்குவது. அந்தச் சீட்டுக்கான மொழியாக 1998-இல் எக்ஸ்.எம்.எல். வந்தது. 2000-இல் சோப் என்ற அனுப்பும் முறை வந்தது (குளிக்கிற சோப் இல்லை!). அவர்களுடைய டி.சி. அதுதான்.

அதே 2000-இல் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து உலகத்தில் உள்ள சேவைகளுக்கெல்லாம் டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு பொதுப் பட்டியல் தொடங்கின. யார் வேண்டுமானாலும் அதில் தேடிப் பிடித்து வேலை கொடுக்கலாம் என்பது திட்டம். 2006-இல் இழுத்து மூடிவிட்டார்கள். காதர்பேட்டையில் யாரையாவது கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். டைரக்டரியில் பெயர் பார்த்து எவர் முன்பின் தெரியாதவரிடம் துணியைக் கொடுப்பார்?

சரி, பிரித்தாயிற்று. எங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி? இங்கேதான் மானிட்டரிங் வருகிறது.

நம் ஊரில் போன் போட்டு, "லாட் என்னாச்சுங்க?" என்றால், "மெஷின்ல ஏத்தியாச்சுங்க, சாயங்காலம் வந்துரும்" என்று பதில் வரும். அந்தப் பதிலின் மதிப்பு என்ன என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் விவரமான மெர்ச்சண்டைசர் போனை வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். போய்த் துணியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

அமேசானிலும் இதே கதைதான். 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ், எல்லாக் குழுக்களும் இனி சேவைகள் மூலமாக மட்டுமே ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். அங்கே முன்பு வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011-இல் இதைப் பற்றி எழுதினார். கூகுளில் இருந்துகொண்டு சக ஊழியர்களுக்கென்று எழுதியதைத் தவறி ஊருக்கே தெரியும்படி போட்டுவிட்டார். அதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சேவையிடம் "நலமா?" என்று கேட்டால் "நலம்" என்று உற்சாகமாகப் பதில் சொல்லும். ஆனால் அதில் உயிரோடு இருப்பது "நலம்" என்று சொல்கிற அந்தச் சின்னப் பகுதி மட்டுமாகவே இருக்கலாம். மெஷின்ல ஏத்தியாச்சுங்க!

சேவை மொத்தமாக நின்றுபோனால் கவலை குறைவு, ஊருக்கே தெரிந்துவிடும். 2018 பிப்ரவரி 1 நினைவிருக்கிறதா? சரக்கு லாரிக்கு இ-வே பில் நாடு முழுக்கக் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே தளம் திணறி நின்றது, உத்தரவைத் தள்ளிவைத்தார்கள். சரிசெய்து ஏப்ரல் 1-இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கும், ஜூன் 2-இல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் கொண்டுவந்தார்கள். நஷ்டம்தான், ஆனால் நோய் வெளியே தெரிந்த நோய். "நலம்" என்று சொல்லிக்கொண்டே கெட்டுப்போவதுதான் ஆபத்து. அந்தப் பாடத்தை நாம் கம்ப்யூட்டரில் படிக்கவில்லை, நொய்யலில் படித்தோம்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் ஒட்டும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பு முழுவதும் தண்ணீரோடு வெளியே போகும். 1990-களின் கடைசியில் நீதிமன்ற நெருக்கடியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தைப் பிரித்தார்கள். தண்ணீர் தெளிந்தது. ஆனால் கரைந்த உப்பு அந்த முறையில் போகாது. ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 2100 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீர் பார்வைக்குச் சுத்தமாக ஓடியது.

ஆர்டர் கொடுத்தவர் சாயப்பட்டறையில் எதையெல்லாம் சரிபார்த்தார்? ஷேடு, சாயம் போகிறதா இல்லையா, ஜி.எஸ்.எம்., தேதி, ரேட்டு. எல்லாம் பாஸ். சாயம் போட்டதில் துணி எத்தனை கிலோ குறைந்தது என்று எழுத டி.சி.யில் இடம் உண்டு. தண்ணீரில் எத்தனை உப்பு கூடியது என்று எழுதக் கட்டமே கிடையாது. பல வருஷம் எல்லாச் சீட்டும் சரியாக இருந்தது, ஆறு கெட்டது.

1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையானது. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. நம் உறவுகளில் அண்ணன் சாயப்பட்டறையும் தம்பி தோட்டமுமாக இருந்த குடும்பங்கள் உண்டு, பொங்கலுக்குக்கூடப் பேச்சு நின்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வழக்கு நடத்தியது. 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கெடு விதித்தது, 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியும் சொட்டு நீர் வெளியேறாத நிலை வரவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு கண்ணி நின்றதும் நிட்டிங் நின்றது, பவர் டேபிள் நின்றது. துணி வெளிமாநிலத்துக்குச் சாயத்துக்குப் போய் வந்தது. வேலை இல்லாமல் எத்தனை குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின என்பதை வகுப்பில் காலியான பெஞ்சுகளிலேயே பார்த்தேன்.

விவசாயிகள் பிடிவாதம் பிடித்துத் தொழிலைக் கெடுத்தார்கள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சங்கிலியின் கடைசியில் நின்று, வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான். வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போன மெர்ச்சண்டைசர் செய்த வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்.

பிறகு ஆர்.ஓ. வந்தது, எவாப்பரேட்டர் வந்தது, உப்பையும் தண்ணீரையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசு உண்டாக்கும் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீர் அளவுகளை இடைவிடாமல் ஆன்லைனில் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. இப்போது சென்சாரும் ஒரு சேவைதான், அதுவும் "நலம்" என்று சொல்லக்கூடியது. அதனால் சொட்டு நீர்கூட வெளியே விடாத ஆலைகளுக்கு ஃப்ளோ மீட்டரோடு கேமராவும் கேட்டார்கள். தண்ணீர் வரவே கூடாத குழாய் வாயை இராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது அந்தக் கேமரா.

கம்ப்யூட்டர் பிள்ளைகளே, இந்தக் கேமராவுக்கு உங்கள் ஆபீஸில் என்ன பெயர் என்று கீழே எழுதுங்கள். அப்பா அம்மாவுக்கும் புரியும்படி தமிழில் எழுதுங்கள்.