ஒழுங்கு

கொட்டாஞ்சேனையில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் ‘மரபணுக் கட்டுப்பாடு’ என்ற தொடர் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கட்டுப்பாடு என்றால் தடுத்து நிறுத்துவதுதான். கலத்துக்குள் நடப்பது அது மட்டுமல்ல. உயிரியலாளர்கள் ஜேக்கப்பும் மொனோவும் 1961இல் விளக்கிய குடல் பற்றீரியா, லக்டோஸ் கிடைத்தால் அதைச் செரிப்பதற்கான பரம்பரையலகுகளை, அதாவது மரபணுக்களைத் திறக்கிறது, தீர்ந்ததும் மூடிவிடுகிறது. இதற்கு ‘ஒழுங்காக்கம்’ என்பதே தகும். ஒழுங்கு, ஒழுகுதலுக்கு உறவு: நீர் ஒழுகும், மனிதர் நெறிப்படி ஒழுகுவர், அதுவே ஒழுக்கம். வரிசைக்கும் ஒழுங்கு என்று பெயர். நம் ஊரில் இன்றும் வழங்கும் ‘ஒழுங்கை’, வீடுகளுக்கு நடுவே நீண்டு ஓடும் சிறு வழி, அந்தக் குடும்பத்துச் சொல்தான். ‘regulation’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் நேராக்கும் கோலையே குறித்தது. கலத்துக்குள் நடக்கும் ஒழுங்காக்கத்தை இப்போது கணினியின் துணையோடும் தேடுகிறார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த மதன் பாபுவும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் மதுவத்தின் ஒழுங்காக்க வலையை ஆராய்ந்தனர். சூழல் மாறினால் எந்தப் புரதம் எந்தப் பரம்பரையலகை இயக்குகிறது என்பதும் பெரிதும் மாறுவதைக் காட்டினர். அத்தகைய நெகிழ்ச்சியைக் ‘கட்டுப்பாடு’ தாங்காது. அடக்கும் புரதம் ஒன்று பரம்பரையலகை மூடுவதை மட்டும் சொல்ல அதை வைத்துக்கொள்ளலாம்.