நடுகல்: ஒற்று மிகாத காரணம்

போரில் பட்ட வீரனுக்கு எடுத்த கல்லை ‘நடுக்கல்’ என்று ஒற்று மிகுத்து எழுதும் வழக்கம் பரவி வருகிறது. இப்பிழைக்குத் துணையாக ஒரு விளக்கமும் வந்துவிட்டது: வழியின் நடுவே, ஊருக்கும் காட்டுக்கும் நடுவே நிற்பதால் அப்பெயராம். புணர்ச்சியைக்கூடப் பாராமல் சொல்லும் பொருள் இது. நடு என்னும் பெயர்ச்சொல்லின் முன் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: நடுக்கடல், நடுத்தெரு, நடுப்பகல். நடு என்னும் வினையடி முன்னின்றால் அது வினைத்தொகை, அங்கே மிகாது. சுடுகாடு, இடுகாடு, படுகளம் எல்லாம் இவ்வினமே. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலமும் தொக்கது நடுகல். நாற்று நடுகிறோம், பந்தற்கால் நடுகிறோம். அதே வினைதான் இதுவும். மலையாளத்தார் இன்றும் நடுக என்றே சொல்கின்றனர்.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லெடுப்பை ஆறு நிலையாக வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். நான்காவதற்கு ‘நடுகல்’ என்றும் பாடம் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று இடறாமல் நிற்பதற்குக் காரணம், இரண்டும் ஒரே வினையில் பிறந்தவை என்பதே. சிலம்பின் வஞ்சிக் காண்டமும் நீர்ப்படைக் காதைக்குப் பின் நடுகற் காதையை வைத்து இவ்வரிசையைக் காக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலையும் கல் நடுதலைத் தனித் துறையாகவே கொள்கிறது. தொல்காப்பியப் பட்டியலில் உள்ள ‘படை’யைச் சேனை என மயங்குவோரும் உளர். நீர்ப்படை நீர்ப்படுத்தல், பெரும்படை கல்லுக்குப் படைத்தல். ஆறும் வினைகளாகவே நிற்க, நடுவில் ஒன்று மட்டும் இடப்பெயர் ஆகுமா?

அகநானூறு 67, 131ஆம் பாட்டுகள் நடுகல்லை வழிகளில் காட்டவில்லையா என்பர். காட்டுகின்றன, ஆனால் அங்கே இடத்தைக் குறிக்க ‘அதர்’ என்ற தனிச்சொல்லே இருக்கிறது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல், ‘கல்’ என்றே தொடங்கி, ஆகோளில் (ஆநிரை கவர்தலில்) பட்டவன் பெயரைச் சொல்கிறதே, நடுகல் புலவர் புனைந்த சொல் அன்றோ என்பது அடுத்த தடை. குறள் 771உம் கல் என்றே சொல்கிறது. நட்டு முடிந்தபின் தன்னையே சுட்டும் கல்லுக்கு அடைமொழி வேண்டுவதில்லை. மலையில் கிடக்கும் கல்லிலிருந்து பிரித்துப் பேசுவோருக்கே அது வேண்டும். வீரக்கல் என்பதும் இதற்கு ஈடன்று. கோப்பெருஞ்சோழன் போரில் மாண்டவன் அல்லன், வடக்கிருந்து உயிர்நீத்தவன். அவனையும் பொத்தியார் புறநானூறு 221இல் நடுகல் ஆனவன் என்றே பாடுகிறார். பெயரைத் தந்தது இறந்த முறை அன்று, இருப்பவர் செய்த நடுகை.

வாழ்த்தல் ஆறாம் நிலையாக வைக்கப்பட்டதை இங்கே கருத வேண்டும். போர்க்களப் பாட்டும் கையறுநிலையும் கல்லைப் பற்றிப் பின்னாளில் எழுந்த அலங்காரம் அல்ல; வாழ்த்திப் பாடும்வரை கல்லெடுப்பு முடிவதில்லை. அதியமானை இழந்த ஔவையார் புறநானூறு 232ஆம் பாட்டில் பீலி சூட்டிய நடுகல்லையும் அதற்குப் படைக்கும் கள்ளையும் சேர்த்தே பாடியது இம்மரபால்தான். மாண்டவனை மறவாமை என்பது இருப்பவர் கைவினை என்று கண்டவர்கள் இட்ட பெயர் நடுகல். அதற்குள் ஒரு ககர ஒற்றைச் செருகுவது அவ்வினையையே சொல்லிலிருந்து பிடுங்கி எறிவதாகும் என்பது என் துணிபு.