கறுப்புத் திரை: செத்துப்போன கணினியா, பேச்சு வராத கணினியா?

அரசு கொடுத்த மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? எடைக்குப் போடும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன்பின் நம் மீனவர் குடியிருப்புகளிலும் உப்பளத் தொழிலாளர் வீடுகளிலும் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. பின்னாளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது.

வருடங்கள் ஓட, கணினி மந்தமாகிறது. வீட்டுப் பையன் புதிய லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவப் பார்க்கிறான். முதலில் பட்டியல் தெரிகிறது. ‘நிறுவு’ என்று கொடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது. அவ்வளவுதான், பரண்!

பட்டியல் தெரிந்த திரை அடுத்த நொடியில் ஏன் இருள வேண்டும்? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1987இல் ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்ற திரை முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றியதால், எந்தக் கணினியும் எந்தத் திரையோடும் பேச ஒரு பொதுமொழி கிடைத்தது. பிறகு வீசா என்ற அமைப்பு அதை விரிவாக்கியது. நிறுவும்போது முதலில் வரும் பட்டியல் இப்படிப்பட்ட எளிய பொதுமொழியில்தான் வருகிறது. அதனால்தான் அது எங்கும் தெரிகிறது.

ஆனால் ஒவ்வொரு கிராபிக்ஸ் சில்லுக்கும் தனக்கென்று ஒரு தாய்மொழி உண்டு. லினக்ஸில் பல காலம் அந்த மொழியில் பேசி, திரையின் அளவையும் துடிப்பையும் அமைத்தது கெர்னலுக்கு வெளியே இருந்த எக்ஸ் என்ற மென்பொருள். ஒரே சுக்கானை இரண்டு பேர் பிடித்த படகு மாதிரி, கெர்னலுக்கும் அதற்கும் அடிக்கடி இழுபறி. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து, முதலில் இன்டெல் சில்லுகளுக்கு, அந்த வேலையைக் கெர்னலே ஏற்றது. படம் சீராக வந்தது. ஆனால் கெர்னலுக்கு ஒரு சில்லின் மொழி சரியாகத் தெரியாவிட்டால், தொடக்கத்திலேயே திரை இருளும் நிலையும் சேர்ந்து வந்தது.

என்விடியா தன் சில்லுகளின் விவரங்களை வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அவற்றின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே ‘நூவோ’ என்ற டிரைவரை எழுதினார்கள். அது 2010இல் கெர்னலில் சேர்ந்தது. என்விடியா தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது 2022இல்தான்.

ஆக, கறுப்புத் திரைக்குப் பின்னால் கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. நம் கடலில் 1961 வரை அரசு முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவரை மேலே இருப்பவர் கண்ணால் பார்க்க முடியாது. கயிற்றின் அசைவுதான் அவர் இருப்பதற்குச் சாட்சி. கணினியிலும் அப்படி ஒரு கயிறு உண்டு. கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கீழே ஆள் உயிரோடு இருக்கிறார்!

அடுத்து, டார்ச் விளக்கைத் திரையில் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்குதான் எரியவில்லை. வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் கணினியை மறுபடி தொடங்குங்கள். பட்டியலில் ‘நிறுவு’ வரியில் நின்று ‘இ’ எழுத்து விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு எஃப்10. “திரையை நீ தொடாதே, பொதுமொழியிலேயே பேசு” என்று கெர்னலுக்குச் சொல்வதுதான் அதன் பொருள்.

இது தற்காலிக ஏற்பாடு. நிறுவி முடித்து முதல்முறை திறக்கும்போதும் இதே சொல் தேவைப்படலாம். பிறகு மென்பொருளைப் புதுப்பித்து, சரியான டிரைவரைப் போட்டு, சொல்லை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் படம் மந்தமாகவே ஓடும். இதிலும் திரை வராவிட்டால், பென் டிரைவை மறுபடி எழுதியோ வேறு திரையை இணைத்தோ பாருங்கள். முக்கியமாக, நிறுவும் முன் பழைய படங்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு திரேஸ்புரத்துத் தாய் ஒருவர் மகனுடைய கணினியைக் கொண்டுவந்தார். “போர்டு மாத்தணும், ஆறாயிரம் ஆகும்னு கடையில சொல்லிட்டாங்க சார். சின்னவ காலேஜுக்கு வேணும்” என்றார். கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் திரை வந்தது. ஆறாயிரம் ரூபாய் என்பது அந்த வீட்டில் எத்தனை நாள் கடலுக்குப் போன காசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் கணினியும் இப்படிப் பிழைத்துவிடாது. உண்மையிலேயே போர்டு போனதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். பரணில் இருப்பதை இறக்கித் தூசி தட்டி, ஒருமுறை சோதித்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.