லெக்சர்

புதிதாக ஒரு நிரல்மொழி செய்யப் புகுபவர் முதலில் எழுதும் பகுதி லெக்சர். பெயரின் மூலம், கிரேக்கத்தின் 'லெக்சிஸ்'. சொல், பேச்சு என்று பொருள். அதன் வேர் 'லெகெய்ன்': சொல்லுதல், பொறுக்கிச் சேர்த்தல். இரண்டாவது பொருள்தான் இங்கே கச்சிதம். நிரலை எழுத்தெழுத்தாகப் படித்து, சேர்த்து, டோக்கன்கள் என்னும் சொல் துண்டுகளாகத் தருவதே லெக்சரின் வேலை. (கல்லூரியில் கேட்கும் லெக்சர் வேறு; அது லத்தீன் வழி வந்தது.) 1975இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் உருவாக்கிய கருவிக்கு 'லெக்ஸ்' என்றே பெயர். பின்னாளில் கூகுளின் தலைமைச் செயல் அலுவலரானவர் இந்த ஷ்மிட்தான்.

'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் 'பதிப்பி வயது' என்று எழுதினால், லெக்சர் முதலாவதைக் கட்டளைச் சொல் என்றும் அடுத்ததைப் பெயர் என்றும் பிரித்துவிடும். வயதுக்கு மதிப்பு கொடுத்தோமா என்பது அதன் கவலையே அல்ல. இயக்கும்போதுதான் 'வரையறுக்கப்படாத மாறி' என்று அந்தக் குட்டு உடையும்.

லெக்சர் எழுதுபவரையே மறிக்கும் 'வரையறுக்கப்படாத மாறி' இதிலிருந்து வேறு ரகம். பைத்தானில் 'சொல்' என்ற மாறியை ஃபங்ஷனுக்கு வெளியே வெறுமையாக வைத்துவிட்டு, உள்ளே 'சொல் += எழுத்து' என்று சேர்த்தால், பைத்தான் அதை உள்மாறியாகவே கொள்ளும்; மதிப்பில்லை என்று நின்றுவிடும். தொடக்க மதிப்பை ஃபங்ஷனுக்குள், எழுத்துகளைப் படிக்கும் லூப்புக்கு முன்னால் கொடுங்கள். லூப்புக்குள் கொடுத்தால் பிழைச்செய்தி வராது. ஆனால் எந்தச் சொல்லும் ஓரெழுத்தைத் தாண்டாது.