சென்டர் ஸ்பீக்கர் அமைவிடம்

சென்டர் ஸ்பீக்கர்: ஹோம் தியேட்டரில் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவே வைக்கப்படுவது, வசனத்தில் பெரும்பகுதி இதன் வழியாகவே ஒலிக்கும். திரையரங்கில் இது துளையிட்ட வெண்திரைக்குப் பின்னால் இருக்கும்.

ஆனால் டிவியின் பேனல் ஒலியை ஊடுருவ விடாது. எனவே வீட்டில் இந்த ஸ்பீக்கரைத் திரையின் நடுக்கோட்டில், அதற்குக் கீழேயோ மேலேயோ வைக்க வேண்டும்.

அமைக்கும் முறை: ட்வீட்டர் (உயர் அதிர்வெண் ஒலியை எழுப்பும் பகுதி) அமர்ந்திருப்பவரின் காதை நோக்க வேண்டும், ஸ்டாண்டு தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தலாம். ஸ்பீக்கரின் முகப்பு, அதை வைத்த தட்டின் விளிம்புவரை வர வேண்டும். உள்ளே தள்ளினால் ஒலி தட்டில் பட்டுக் கலங்கும். மூடிய ஷோகேஸ் ஆகாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.) பரிந்துரைப்படி இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையில் அமையும். ஒலி 1 மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி ஆகும். எனவே ஸ்பீக்கர்களின் தூர வேறுபாட்டால் வரும் தாமதத்தை ஏ.வி. ரிசீவரில் சரிசெய்யலாம். திரையில் பேசுபவரின் வாயிலிருந்தே வசனம் வருவதாகத் தோன்றினால் அமைவிடம் சரி.